செங்கோட்டையில் ஒரு பகல்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

பயண அனுபவம் ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று நம் செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். எனக்கு முன் பேசிய நண்பர் இலண்டனையும் பாரிசையும் நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். நான் கடல் கடந்தவன் அல்லேன். 1968ஆம் ஆண்டில் எழுத்தர் வேலைக்கான உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் தில்லிக்கு வந்து இறங்கியதே என் வாழ்நாளின் பெரும்பயணம். ஆகவே, இங்கிருந்து முக்கால் மணி நேரத் தொலைவிலே இருக்கின்ற ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்லலாம் என்று எண்ணுகிறேன். பழைய தில்லியின் நடுவே நிற்கும் செங்கோட்டையைத்தான் சொல்கிறேன்.

உங்களிற் பலர் முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறேன். 'செங்கோட்டையா! எத்தனை தடவை பார்த்தாகிவிட்டது!' என்பதுதானே அந்தப் புன்னகையின் பொருள்? உண்மை. ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் நாம் அவர்களை அழைத்துச் செல்லும் வரிசை ஒன்று உண்டு. முதல் நாள் குதுப் மினார். இரண்டாம் நாள் பிர்லா மந்திரும் ராஜ்காட்டும். மூன்றாம் நாள் செங்கோட்டை, அதை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு சாந்தினி சௌக்கில் சேலையும் சுவெட்டரும் வாங்குவது. நானும் அப்படித்தான் இருந்தேன். வந்த முதல் ஆறு ஆண்டுகளில் இருபது தடவையாவது கோட்டைக்குப் போயிருப்பேன். வழிகாட்டிகள் சொல்வதை ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டு, எனக்கே ஒரு பாடம் மனப்பாடமாகிவிட்டது. அந்தப் பாடத்தை மறக்கச் செய்தவர் என் தாய்மாமன்.

மாமா தஞ்சை மாவட்டத்துக்காரர். சிறு வயதிலேயே பெற்றோருடன் மலாயாவுக்குச் சென்று, ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். 1943ஆம் ஆண்டில், தம் இருபதாவது வயதில், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்தபின் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் வந்திறங்கி, மீண்டும் வயலைப் பார்த்துக்கொண்டார். அந்த நாட்களைப் பற்றி வீட்டில் அதிகம் பேசமாட்டார். 1974ஆம் ஆண்டின் மார்கழியில் ஓர் உறவினர் திருமணத்தை முன்னிட்டுத் தில்லிக்கு வரப்போவதாக எழுதிய கடிதத்தில், 'செங்கோட்டையை மட்டும் அவசியம் பார்க்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. அப்பொழுது எங்களுடன் தங்கியிருந்த என் தாயார், 'குற்றாலத்துப் பக்கத்தில் இருக்கிற செங்கோட்டைக்குப் போக இவன் எதற்காகத் தில்லி வர வேண்டும்?' என்று கேட்டது எங்கள் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை.

அன்று காலை பேருந்தில் ஏறினோம். நடத்துநர் வழக்கம்போல 'ஆகே படோ! ஆகே படோ!' என்று கத்தினார். முன்னே நகருங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தில்லியில் நாம் நாள்தோறும் கேட்டு, நகராமலே நிற்கும் சொல். ஆனால் என் அருகே நின்ற மாமாவின் முதுகு சட்டென்று நிமிர்ந்தது; கால்கள் சேர்ந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. 'தம்பி, எனக்குத் தெரிந்த இந்தி இவ்வளவுதான். பாசறையில் கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில் வரும். தோட்டத்துப் பிள்ளைகள் எங்களுக்கு அர்த்தம் தெரிவதற்கு முன்னே கால் நகர்ந்துவிடும்' என்றார். நேதாஜி மலாயாவில் பேசிய கூட்டமொன்றில் வெகு தொலைவில் நின்று கேட்டாராம். இந்துஸ்தானியில் அவர் பேசப் பேச, ஒருவர் தமிழில் பெயர்த்துச் சொன்னாராம். கூட்டத்தில் தமிழர் தொகை அத்தகையது.

கன்னாட் பிளேசில் இறங்கி, பட்பட்டி வண்டி பிடித்துக் கோட்டை வாசலுக்கு வந்தோம். லாகூரி வாயிலுக்கு எதிரே நின்று மாமா மதிலை அண்ணாந்து பார்த்தார். நான் என் பாடத்தைத் தொடங்கினேன். ஷாஜஹான் ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்றிக்கொண்டு 1639இல் தொடங்கி 1648இல் கட்டி முடித்தது. மதிலின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். ஆற்றுப் பக்கம் 18 மீட்டர் உயரம், நகரத்துப் பக்கம் 33 மீட்டர். வாயிலை மறைத்தாற்போல் முன்னே நிற்கும் தடுப்பு மதில் ஔரங்கசீப் கட்டியது. அதை அறிந்து, ஆக்ராவில் சிறையிருந்த தந்தை, 'மணப்பெண்ணின் முகத்துக்குத் திரையிட்டுவிட்டாயே' என்று வருந்தினார் என ஒரு கதை வழங்குகிறது. மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரி தம்பி, வழக்கு நடந்த இடம் எது?' என்றார்.

எனக்கு விளங்கவில்லை. 'எந்த வழக்கு, மாமா?' என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறந்தேனில்லை. அதில் சினம் இல்லை. ஆறு ஆண்டுகள் தில்லியில் இருந்தவன் இப்படிக் கேட்கிறானே என்ற வியப்பே இருந்தது.

பெருமக்களே! அந்த வழக்கைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல என்னை அனுமதியுங்கள். 1943ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் சிங்கப்பூரில் வீரர்கள் முன் பேசிய நேதாஜி, எஞ்சியிருக்கும் வீரர்கள் தில்லிச் செங்கோட்டையில் வெற்றி அணிவகுப்பு நடத்தும் வரையில் நம் பணி முடியாது என்ற கருத்தை வெளியிட்டார். 'தில்லிக்குப் புறப்படு' என்னும் முழக்கம் அங்கிருந்து தோட்டந்தோறும் பரவிற்று. தில்லி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறியாத இளைஞர்கள், கண்ணால் காணாத ஒரு கோட்டையை நோக்கி நடக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்கள் தலைவி சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. மாமாவோடு ஒரே வரிசையில் மரம் சீவிய இருவர் பர்மாவுக்குப் போனார்கள், திரும்பவில்லை. மாமாவின் அணி மலாயாவை விட்டுப் புறப்படும் முன்பே போர் முடிந்துவிட்டது.

அவர்களுள் கோட்டைக்கு வந்து சேர்ந்தவர்கள் கைதிகளாகவே வந்தார்கள். 1945ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், செங்கோட்டைக்குள் பாசறைக் கட்டடம் ஒன்றின் மாடியில் இராணுவ நீதிமன்றம் கூடிற்று. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சேகல், குருபக்ஷ் சிங் தில்லன் ஆகிய மூன்று அதிகாரிகள் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். மூவரையும் ஒருசேர நிறுத்தியது ஆங்கில அரசு செய்த பெரும்பிழை. நாடே ஒன்றாகத் திரண்டுவிட்டது. பூலாபாய் தேசாய் வாதாடினார். பல்லாண்டுகளாகத் தொடாத வழக்கறிஞர் அங்கியை நேரு அணிந்துகொண்டு வந்தார். தம் விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமை அடிமைப்பட்ட மக்களுக்கு உண்டு என்பது தேசாயின் வாதம். டிசம்பர் 31இல் விசாரணை முடிந்தது. ஆயுள் முழுதும் நாடுகடத்தல் என்று தீர்ப்பு; ஆனால் 1946 ஜனவரி 3ஆம் நாள் படைத்தலைவர் ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்கிவிட்டார். மூவரும் வெளியே வந்தனர். அம்மூவருள் ஒருவரான சேகலைத்தான் நம் சென்னை லட்சுமி பின்னர் 1947இல் மணந்துகொண்டார்.

இவையெல்லாம் நான் பின்னாளில் படித்து அறிந்தவை. அன்று கோட்டை வாயிலில் நின்றபொழுது, அதே மதிலுக்குள் அந்த வழக்கு நடந்தது என்பதுகூட என் நினைவில் இல்லை. மாமாவே சொல்லக் கேட்டுக்கொண்டேன். 'சரி, முதலில் ராஜா வீட்டைப் பார்ப்போம். வழியில் யாரையாவது கேட்கலாம்' என்று அவரே என்னைத் தேற்றி அழைத்துச் சென்றார்.

சத்தா சௌக் என்னும் கூரையிட்ட கடைவீதியைக் கடந்தோம். நாளுக்கு ஐந்து முறை முரசு முழங்கிய நௌபத் கானாவைக் கடந்தோம். திவானி ஆமில் மன்னர் அமர்ந்த பளிங்கு மேடைக்குப் பின்னால், கறுப்புப் பளிங்கில் வண்ணக் கற்களால் பறவைகளும் மலர்களும் இழைத்த பலகைகள் இருக்கின்றன அல்லவா? உச்சியில் கிரேக்கக் கதையின் இசைவாணன் ஒருவன் விலங்குகள் சூழ யாழ் மீட்டுகிறான். 1857க்குப் பின் ஒரு வெள்ளை அதிகாரி அப்பலகைகளில் சிலவற்றைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கர்சன் பிரபுவின் முயற்சியால் அவை திரும்பி வந்து பழைய இடத்தில் பதிக்கப்பட்டன. திரும்பி வந்தவை மிகச் சில. மயிலாசனத்தை நாதிர்ஷா 1739இலேயே கொண்டுபோய்விட்டான். திவானி காஸின் வெள்ளி மேற்கூரையை மராட்டியர் 1760இல் பெயர்த்து உருக்கினர்.

மாமாவுக்கு இரத்தினங்களில் நாட்டமில்லை. அவர் கண் சென்றது வாய்க்கால்மேல். 'நஹரே பிஹிஷ்த்' என்று அதற்குப் பெயர். சொர்க்கத்தின் ஓடை என்று பொருள். கோட்டையின் வடகிழக்கு மூலையில் ஷா புர்ஜ் அருகே நுழைந்து, குளியல் மாளிகை, திவானி காஸ், அரசரின் அறைகள், ரங் மஹால் என்று ஒவ்வொன்றின் நடுவாகவும் தெற்கு நோக்கி ஓடி வந்த பளிங்கு வாய்க்கால். இப்பொழுது வறண்டு கிடக்கிறது. மாமா குந்தி உட்கார்ந்து, தரையோடு தரையாகத் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அதன் நீளத்தைப் பார்த்தார். 'வாட்டம் பார்த்து வைத்திருக்கிறான் தம்பி! காவிரிக்கரைக்காரன் கூட இதில் குறை சொல்ல முடியாது' என்றார். இருபது தடவை அவ்வாய்க்காலைத் தாண்டிப் போனவன் நான்; அதற்கு வாட்டம் என்று ஒன்று இருப்பதாக எண்ணிப் பார்த்ததில்லை.

திவானி காஸில் அவரை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த இன்னொரு வழக்கைச் சொன்னேன். என் மானத்தைச் சற்றே மீட்டுக்கொள்ளும் ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1858ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், அந்த மண்டபத்திலேயே, எண்பத்திரண்டு வயது முதியவரான பகதூர் ஷாவைக் கும்பினியார் விசாரணைக்கு நிறுத்தினர். இராஜத்துரோகம் என்பது குற்றச்சாட்டு. அவருடைய பாட்டனாராகிய ஷா ஆலம் 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஓலையைக் காட்டி நாட்டில் கால் ஊன்றியவர்கள், பேரனை அவர் முன்னோர் கொலுவிருந்த மண்டபத்திலேயே கைதியாக்கி, யாருக்கு யார் துரோகம் செய்தார் என்று விசாரித்தார்கள். மார்ச் 9இல் குற்றவாளி என்று முடிவு கூறி, இரங்கூனுக்குக் கடத்தினர். 1862இல் அங்கேயே மாண்டார்.

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, 'இரங்கூனில் அவர் சமாதிக்கு நேதாஜி போய் மரியாதை செய்தார். பாசறையில் சொன்னார்கள். அப்பொழுது அவர் யார் என்று எனக்குத் தெரியாது' என்றார். 1943இல் அது நிகழ்ந்தது உண்மையே. ஒரே கோட்டையில் எண்பத்தேழு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு வழக்குகளை, தில்லிவாசி நானும் தஞ்சாவூர்க்காரர் அவருமாக, ஆளுக்கு ஒன்று அறிந்து வைத்திருந்தோம்.

அங்கிருந்து வெளியே வந்து மேற்கே திரும்பினால் அகன்ற புல்வெளி. அப்பால் மூன்றடுக்கில் உயர்ந்து நிற்கும் வெள்ளையர் காலத்துப் பாசறைகள். நம்மில் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை, படமும் எடுப்பதில்லை. 1857க்குப் பின் கோட்டைக்குள் இருந்த மாளிகைகளிற் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு எழுப்பியவை அவை. தெற்கே அந்தப்புரமும் அந்தரங்க மாளிகைகளும் மட்டும் பக்கத்துக்கு ஆயிரம் அடியாகப் பரந்திருந்தன என்றும், ஐரோப்பாவின் எந்த அரண்மனையும் அதில் பாதி அளவுகூட இல்லை என்றும், கட்டடக்கலை வரலாற்றாசிரியர் பெர்குசன் எழுதினார். இடித்தவர்கள் இடிக்கும் முன் ஒரு வரைபடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்று, அவரும் ஓர் ஆங்கிலேயரைப்போலவே பேசும் ஸ்காத்லாந்துக்காரர், வெகுண்டு கூறியிருக்கிறார். நாம் இன்று 'செங்கோட்டை பார்த்தேன்' என்று சொல்வது, ஆற்றோரம் தப்பி நின்ற ஒரு வரிசைக் கட்டடங்களைத்தான். நடுவிலுள்ள புல்வெளி தோட்டக்கலையின் அழகன்று. அது இடித்த இடம்.

பாசறைப் பக்கம் அப்பொழுது நம் இராணுவத்தின் வசம் இருந்தது. ஒரு காவல் வீரன் துப்பாக்கியுடன் நின்றான். மீசை முளைக்காத பையன். எங்களைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தான். நான் பின்வாங்கினேன். மாமா மட்டும் இரண்டடி முன்னே வைத்து, வேட்டியும் மப்ளருமாய் நின்ற கோலத்திலேயே குதிகால்களைச் சேர்த்து, 'ஜெய் ஹிந்த்' என்று சல்யூட் அடித்தார். அந்தப் பையன் ஒரு கணம் திகைத்தான். பின் அவனும் நிமிர்ந்து, 'ஜெய் ஹிந்த்' என்று மறுவணக்கம் செய்தான். நேதாஜியின் படையில் வழங்கிய அந்த வணக்கம் சுதந்திர இந்தியாவின் படைக்கும் வந்து சேர்ந்துவிட்டதை மாமா அன்றுதான் நேரிற் கண்டார்.

உள்ளே விட்டானா என்று கேட்பீர்கள். விடவில்லை. அவனுக்கு இட்ட உத்தரவு அது. என் அரைகுறை இந்தியில், இவர் இன்னார், இன்ன வழக்கு நடந்த அறையைப் பார்க்க வந்திருக்கிறார் என்று விளக்கினேன். அவனுக்கும் அந்த வழக்கு தெரியவில்லை. மேலதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுவரச் சொன்னான். மாமாவுக்கு மறுநாள் இரவு ரயில்.

தேசிய இராணுவத்துக் கைதிகளை அடைத்து வைத்திருந்த சலீம்கட், கோட்டையின் வடகிழக்கே ஒட்டினாற்போல் இருக்கிறது. 1546இல் சலீம் ஷா சூர் கட்டியது, செங்கோட்டைக்கு மூத்தது. அதையும் அன்று எங்களால் நெருங்க இயலவில்லை. அந்தத் திசையிலிருந்து பாலத்தின்மேல் ரயில் செல்லும் ஓசை மட்டும் கேட்டது. ஒரு காலத்தில் மதிலடியில் ஓடிய யமுனை விலகிப் போய், அங்கே இப்பொழுது சாலை ஓடுகிறது.

திரும்பும்பொழுது லாகூரி வாயிலின் நிழலில் மாமா நின்றார். கையில் கசங்கியிருந்த நுழைவுச்சீட்டை விரித்துப் பார்த்தார். 'அணிவகுத்து வருவோம் என்று சொன்னோம், தம்பி. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்' என்று சொல்லிச் சிரித்தார். 'மூன்று பேருக்கும் சேர்த்து நான் ஒருவன் பார்த்துவிட்டேன்' என்றும் சொன்னார். பர்மாவுக்குப் போன இருவரையும் சேர்த்தே அப்படிச் சொன்னார் என்பது பேருந்தில் ஏறியபின்தான் எனக்கு உறைத்தது. அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாந்தினி சௌக்கில் ஒன்றும் வாங்கவில்லை.

மாமா 1991இல் காலமானார். 2003ஆம் ஆண்டு டிசம்பரில் இராணுவம் கோட்டையைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறிற்று. 2007இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2019 ஜனவரி 23ஆம் நாள், நேதாஜியின் பிறந்த நாளன்று, அந்தப் பாசறைக் கட்டடங்களில் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நேதாஜிக்கும் அவர் படைக்கும் உரியது. அடுத்த மாதமே என் பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். மாமாவைத் தடுத்த இடத்தை எவரும் தடுக்காமல் தாண்டியபொழுது, என்னையறியாமல் நின்றேன். 'ஏன் தாத்தா நிற்கிறீர்கள்?' என்றாள். 'இங்கே ஒருவர் அனுமதிக்காகக் காத்திருந்தார்' என்றேன். உள்ளே நேதாஜி அமர்ந்த மர நாற்காலி இருக்கிறது. அவருடைய வாள் இருக்கிறது. படையினரின் சீருடைகளும் பதக்கங்களும் இருக்கின்றன. ஒரு சீருடையின் எதிரே நின்று, 'கொள்ளுத்தாத்தா இதைத்தான் போட்டுக்கொண்டாரா?' என்று பேத்தி கேட்டாள். 'இதே துணிதான், இவ்வளவு தடியானவர் அல்லர்' என்றேன்.

வரும் மாதம் சங்கத்துப் பிள்ளைகளைச் செங்கோட்டைக்கு அழைத்துச் செல்லப் போவதாகச் செயலாளர் என்னிடம் சொன்னார். வழிகாட்டியாக என்னை வரச் சொல்லியிருக்கிறார். முழங்கால் இடம் கொடுக்குமட்டும் வருகிறேன். திங்கட்கிழமை வேண்டாம், அன்று கோட்டை மூடியிருக்கும். மெட்ரோ ரயில் இப்பொழுது கோட்டைக்கு எதிரிலேயே இறக்கிவிடுகிறது. காலையிலேயே போய், முதலில் பாசறைகளைப் பார்ப்போம், பிறகு வாய்க்கால், நேரம் மிஞ்சினால் மயிலாசனம் இருந்த மேடை. குழந்தைகளுக்குத் தண்ணீரும் தயிர்சாதமும் கொடுத்தனுப்பும்படி தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.